முள்ளுக்குப் பயந்து

அம்மா கடைசி ஐந்து வருஷம் எங்களோடு கொடைக்கானலில்தான் இருந்தார். பிறந்து வளர்ந்து வாழ்ந்தது எல்லாம் வேம்பார்க் கடற்கரையில். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே மீன் பெயர் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவரை 80 வயதுக்கு மேல் மலையேற்றிக் கூட்டிவந்து, ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டி ஜன்னலோரம் உட்கார வைத்தோம். குளிரைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏட்டி, ரெண்டு சாளை வாங்கிப் பொரிச்சுக் குடேன். முள்ள நான் பாத்துக்கிடுதேன்."

சாளை என்றால் மத்தி மீன். நான் ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. பயம். அம்மாவுக்கு மேலும் கீழும் பல்செட். மேல் செட் அண்ணத்தை மூடிக்கொள்ளும். வாயில் முள் இருப்பதை நாக்கும் அண்ணமும் சேர்ந்துதான் நமக்குச் சொல்லும். அண்ணம் மூடிக்கிடந்தால் முள் தெரியாமலே உள்ளே இறங்கிவிடும். இதைப் பல் டாக்டர் சொல்லக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த மீன் இரண்டே வகை. வஞ்சிரம் துண்டு, இல்லையென்றால் சுறா. சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் போட்டுப் புட்டு. பஞ்சு மாதிரி இருக்கும். அம்மா சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "சாளை இல்லியோ?" என்று மறுபடியும் கேட்டார்.

2014-ல் அம்மா போய்விட்டார். இப்போது எனக்கு 68, வீட்டுக்காரருக்கு 73. எங்கள் தட்டில் என்ன மீன் விழவேண்டும் என்று பார்க்கிற வயது எங்களுக்கே வந்துவிட்டது. படித்ததில், டாக்டரிடம் கேட்டதில், மீன்காரத் தம்பியிடம் பேசியதில் எனக்குத் தெளிவானது இதுதான்: அம்மா கேட்டதுதான் சரியான மீன். முள் இல்லை என்பதற்காக நான் தேடித் தேடிக் காசு கொடுத்து வாங்கியது அவருக்கு ஏற்ற மீன் இல்லை. வயதானவர்கள் இருக்கிற வீடுகளில் இன்றைக்கும் அன்று நான் வாங்கிய மாதிரியேதான் வாங்குகிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் காரணம், பாதரசம். கொடைக்கானல்காரர்களுக்கு அது புதிதில்லை. 1980-களில் இங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நாள் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மருந்துக் குப்பியில் கொஞ்சம் பாதரசம் கொண்டுவந்தான். "டீச்சர், கையை நீட்டுங்க" என்று என் உள்ளங்கையில் ஊற்றினான். துவரம்பருப்பு அளவுதான், ஆனால் கனத்தது. கையைச் சாய்த்தால் ஓடியது. விரலால் தொட்டால் நாலாக உடைந்தது, நெருக்கினால் மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. வகுப்பே என்னைச் சுற்றி நின்றது. குளிருக்கு ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தோம். பாதரசம் சாதாரண சூட்டிலேயே ஆவியாகும், அந்த ஆவியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகங்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கும்.

2001-ல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி கிடந்தது வெளியே தெரிந்த பிறகு தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் ஏறக்குறைய 290 டன் கழிவை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். வேலை பார்த்தவர்களோடு உடன்பாடு ஏற்பட 2016 ஆனது. ஏரித் தண்ணீரிலும் அடிவண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் ஏரியில் தூண்டில் போட்டுப் பிடித்த மீன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

ஆனால் கடல் மீனிலும் பாதரசம் உண்டு என்று நான் அறிந்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். நிலக்கரிப் புகையிலிருந்தும், சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தும், எரிமலைகளிலிருந்தும் கிளம்புகிற பாதரசம் காற்றோடு சுற்றிக் கடலில் விழுகிறது. அங்கே நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. கையில் உருளுகிற பாதரசத்தை யாராவது விழுங்கிவிட்டால்கூடப் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். மெத்தில் பாதரசம் அப்படி இல்லை. சாப்பிட்டதில் கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் சேர்ந்து நரம்பு மண்டலத்தைத் தாக்கும். ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956-ல் கண்டுபிடித்த நோய் இதனால் வந்ததுதான். தொழிற்சாலைக் கழிவு கலந்த விரிகுடாவில் பிடித்த மீனைத் தின்றவர்களுக்குக் கை கால் மரத்துப்போனது, நடை தடுமாறியது.

மிதவை உயிர்களைத் தின்று ஒன்றிரண்டு வருஷம் வாழ்கிற மத்தியின் உடம்பில் இந்தப் பாதரசம் மிகக் கொஞ்சம். அந்த மாதிரிச் சின்ன மீன்களைத் தின்கிற சூரையில் கூடுதல். எல்லாவற்றையும் தின்று பல வருஷம் வாழ்கிற பெரிய சுறாவில் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பரிசோதித்த மீன்களில் மத்தி வகைகளில் சராசரி கிலோவுக்கு 0.013 மில்லிகிராம், சுறாவில் 0.979. எழுபத்தைந்து மடங்கு. அங்கே பிடித்த இனங்கள் வேறு, நம் கடலில் கிடைப்பவை வேறு. ஆனால் பெரிய மீன் சின்ன மீனைத் தின்கிற கணக்கு எல்லாக் கடலிலும் ஒன்றுதான். இந்தப் பாதரசம் சதையோடு ஒட்டியிருப்பது. மஞ்சள் போட்டு அலசினாலும், வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினாலும் போகாது.

இதைப் படித்துவிட்டு யாரும் மீனை விட்டுவிட வேண்டாம். எச்சரிக்கை முதலில் கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும், குழந்தைகளுக்கும்தான். (பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது நம் பழக்கம். அதையும் யோசிக்க வேண்டும்.) எங்கள் வயதில் மீன் சாப்பிடுவதால் கிடைக்கும் நன்மைதான் பெரிது. விருந்துக்குப் போன இடத்தில் ஒரு வஞ்சிரத் துண்டு வைத்தால் நான் மறுப்பதில்லை. நான் சொல்வது, வாராவாரம் பத்திய உணவு மாதிரிப் பாட்டி தாத்தாவுக்கு சுறாவும் பெரிய மீனும் மட்டுமே கொடுக்கிற பழக்கத்தைத்தான்.

மலையில் இருக்கிற முதியவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள். காலையில் டீயும் பன்னும். மதியம் ரசம் சோறு. ராத்திரி கஞ்சி. பல் இல்லாததால் கறியை விட்டுவிடுவார்கள், பருப்பு வாயு என்பார்கள். உடம்பில் புரதம் சேர்வதில்லை. வயதாக ஆகத் தசை கரையும். கீழே உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் கையை ஊன்றுவதில்தான் அது முதலில் தெரியும். பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுக் கணக்கு. வயதானவர்களுக்கு ஒன்று முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். 60 கிலோ எடை இருப்பவருக்கு 60 முதல் 70 கிராம். கஞ்சியில் அது வராது. 100 கிராம் மீனில் 20 கிராமை ஒட்டிக் கிடைக்கும், அதுவும் மெல்லாமலே கரையும்.

அப்புறம் வைட்டமின் டி. ஆடி தொடங்கி மார்கழி வரை இங்கே மூட்டமும் மழையும்தான். வெயில் வந்தாலும் ஸ்வெட்டருக்குள் இருக்கிறோம். உணவில் இயற்கையாக வைட்டமின் டி இருக்கிற பொருட்கள் சிலவே. கொழுப்புள்ள மீன் அதில் முக்கியமானது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறேன். அந்த மாத்திரை பி12 சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மீன் அதற்கும் ஆகும். ஒமேகா-3 பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மகள் வெளிநாட்டிலிருந்து சால்மன் சாப்பிடச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தாள். இங்கே மார்க்கெட்டில் சால்மன் என்று சொல்லி விற்பது பெரும்பாலும் காலா மீன், அது வேறு இனம். நிஜ சால்மனில் இருக்கிற அதே ஒமேகா-3 மத்தியில், அயிலையில் இருக்கிறது. ஒரு கிலோ வஞ்சிரத்துக்குக் கொடுக்கிற காசில் மத்தி மூன்று கிலோவுக்குக் குறையாமல் வாங்கலாம். அமெரிக்க இதய சங்கம் சொல்வது வாரத்துக்கு இரண்டு வேளை, வேளைக்குச் சமைத்த மீன் 85 கிராம். நாலு மத்தி போதும்.

மகள் மீன் எண்ணெய் மாத்திரையும் அனுப்பினாள். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். 2018-ல் வெளிவந்த வைட்டல் என்ற பெரிய ஆய்வில் 25,871 பேரில், எல்லோரும் 50 வயது தாண்டியவர்கள், பாதிப் பேருக்கு மட்டும் அதை ஐந்து வருஷத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடும்படி குறையவில்லை. அதிக அளவில் எடுத்தால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறவும் வாய்ப்பு உண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. சரி, மீனாகவே சாப்பிடுவோம் என்று விட்டுவிட்டேன்.

இனி முக்கியமான ஒன்று. சின்ன மீனில் பாதரசப் பயமில்லை, ஆனால் ஐஸ் இல்லாவிட்டால் பெரிய பயம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாலை, வழக்கமான தம்பி வரவில்லை என்று ரோட்டோரக் கூடையில் அயிலை வாங்கிவந்தேன். ஐஸ் இல்லை. "இந்தக் குளிருக்கு எதுக்கும்மா ஐஸு" என்றார் விற்றவர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மோசமான வாசனையும் இல்லை. குழம்பு வைத்தேன். சாப்பிட்டு அரைமணி நேரத்தில் வீட்டுக்காரர் முகம் தக்காளி மாதிரிச் சிவந்தது. காது வரை சூடு. நெஞ்சு படபடப்பு, தலைவலி, கழுத்தெல்லாம் அரிப்பு. "நாக்குல மிளகு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருந்துச்சு" என்று பிறகுதான் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டார்கள், இரண்டு மணி நேரத்தில் தணிந்தது.

அவருக்கு மீன் ஒவ்வாமை என்றுதான் நினைத்தேன். டாக்டர் விளக்கினார். அயிலை, மத்தி, சூரை மாதிரியான மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். குளிர்ச்சி குறைந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், மறுபடி ஐஸில் போட்டாலும் அழியாது. மீன் 4 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும். கொடைக்கானல் பகலில் 15, 20 டிகிரி. நமக்கு அது குளிர், மீனுக்கு அது வெயில். அதோடு இங்கே வருகிற மீன் ராமேஸ்வரத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ கிளம்பி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வெக்கையை எல்லாம் தாண்டித்தான் காட் ரோட்டில் ஏறுகிறது. மேலே வந்து சேரும்போது குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்து வழியில் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது.

இப்போது பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். மீனுக்கு மேலும் கீழும் ஐஸ் இருக்கவேண்டும், மேலே மட்டும் தூவியது கணக்கில்லை. கண் பிதுங்கிப் பளபளவென்று இருக்கவேண்டும். குழிந்து வெண்மை படர்ந்திருந்தால் பழசு. செவுளைத் தூக்கிப் பார்க்கிறேன், ரத்தச் சிவப்பாக இருக்கவேண்டும். மத்தியின் வயிற்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். அது கெடும்போது முதலில் உடைவது வயிறுதான். விரலால் அழுத்தினால் குழி விழாமல் எழும்பி வரவேண்டும். மீன்காரத் தம்பி முதலில் முகம் சுளித்தார். இப்போது நான் போனதும் "டீச்சர், இன்னைக்கு மத்தி வேண்டாம், சங்கரா எடுத்துக்கோங்க" என்று அவரே சொல்லிவிடுகிறார். அப்படிச் சொல்கிற ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

சரி, முள். அம்மா இருக்கும்போது எனக்குத் தெரியாமல் போன விஷயம் இது. டின்னில் அடைத்து வருகிற மத்தியை முள்ளோடு சாப்பிடுகிறார்களே, எப்படி என்று ஒரு நாள் யோசித்தேன். டின்னுக்குள் வைத்து அழுத்தத்தில் வேகவைப்பதால் முள் மெத்தென்று ஆகிவிடுகிறது. வீட்டில் குக்கர் இருக்கிறதே.

மத்தியைச் செதில் எடுத்து, தலையும் குடலும் நீக்கி, கல்லுப்பு போட்டுக் கழுவிக்கொள்வேன். குக்கர் அடியில் நல்லெண்ணெய், கருவேப்பிலை, உரித்த சின்ன வெங்காயம், இரண்டு கைப்பிடி மலைப்பூண்டு. மேலே மீனை நெருக்கமாக அடுக்கி, மஞ்சள், மிளகாய்த்தூள், தட்டிய மிளகு, கெட்டியாகக் கரைத்த புளி. மீன் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர். கரண்டியே போடக் கூடாது. ஒரு விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து 40 நிமிஷம். தூத்துக்குடியில் என் தங்கை அரைமணி நேரத்தில் இறக்கிவிடுகிறாள். இங்கே 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குக்கருக்குள்ளும் கீழே இருக்கிற சூடு வராது. அந்தப் பத்து நிமிஷம் மலைக்காரர்களின் பங்கு. புளி முக்கியம், முள்ளை இளக்குவதில் அதற்கும் வேலை உண்டு. ஆவி தானாக அடங்கிய பிறகுதான் திறக்கவேண்டும்.

முதல் தடவை செய்த அன்று ஒரு மீனை எடுத்து நடுமுள்ளைத் தனியாக உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன். சாக்பீஸ் மாதிரி நொறுங்கி மாவாகிவிட்டது. நாக்கில் வைத்தேன், உறுத்தவே இல்லை. அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா ஐந்து வருஷம் கேட்டார். எங்கள் வீட்டில் அப்போதும் இதே குக்கர்தான் இருந்தது.

அந்த முள்ளில்தான் கால்சியம் இருக்கிறது. டின் மத்தியை எலும்போடு சாப்பிட்டால் 100 கிராமில் 380 மில்லிகிராம் வரை, கிட்டத்தட்ட ஒன்றரை டம்ளர் பாலில் இருப்பது. பரிமாறுவதற்கு முன் ஒவ்வொரு மீனையும் விரலால் நசுக்கிப் பாருங்கள், வேகாத முள் ஒன்றிரண்டு இருக்கலாம். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். எந்த மீனானாலும் தொண்டையில் முள் மாட்டிவிட்டால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்லும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். முள் இன்னும் ஆழமாகக் குத்தும். ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி.

எல்லோருக்கும் மத்தி ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரருக்கு யூரிக் அமிலம் அதிகம். ஒரு தடவை கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே துடித்தார். மத்தி, நெத்திலி, சிப்பி இவற்றில் ப்யூரின் அதிகம், அது உடம்பில் யூரிக் அமிலமாகத்தான் மாறும். அதனால் அவருக்குச் சங்கரா, கிழங்கான், விளை மீன், அதுவும் அளவோடு. வலி இருக்கிற நாட்களில் மீனே கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு சட்டி வைப்பது சிரமம்தான், வைக்கிறேன். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்குப் புரதத்தின் அளவே வேறு, அவர்கள் டாக்டரைத்தான் கேட்கவேண்டும். இறாலில் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்று பயப்படுகிறவர்கள், இறாலில் நிறைவுற்ற கொழுப்பு குறைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பொரிக்கிற எண்ணெய்தான் பல சமயம் இறாலைவிட மோசம்.

கருவாட்டை மட்டும் கனத்த மனசோடுதான் குறைத்தேன். ஐஸ் பெட்டி வண்டிகள் மலையேறாத காலத்தில் மலைக்காரர்களுக்குக் கடல் என்றால் கருவாடுதான். சந்தைக்கு வருகிற மேல்மலை ஜனங்கள் காய்கறியை விற்றுவிட்டுக் கருவாட்டுப் பொட்டலத்தோடுதான் ஊர் திரும்புவார்கள். மழை நாளில் கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தம் இருக்கிற வீட்டில் கருவாட்டுக்கு எப்படி இடம் கொடுப்பது? வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுசாகப் போகாது. மாதம் ஒருமுறை, குழம்பில் தனியாக உப்புப் போடாமல், கத்தரிக்காயும் மொச்சையும் கூட்டி வைக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் போகாது. கொடைக்கானலில் சீசன் கூட்டம் முட்டுகிற அதே மாதங்கள். மீன் விலை ஏறும், பெட்டியில் கிடப்பது எத்தனை நாள் பழசு என்பதும் தெரியாது. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் வந்திருக்கிறதா, கேரளத்து மத்தி வந்திருக்கிறதா என்று தம்பியிடம் கேட்பேன். இல்லையென்றால் வைகை அணைக் கட்லாவோ ரோகுவோ. அவற்றில் ஒமேகா-3 குறைவு, ஆனால் புரதத்துக்குக் குறைவில்லை.

போன மாதம் குக்கர் மத்தி வைத்த அன்று எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். பூம்பாறைக்காரர், 84 வயது, வாயில் ஒரு பல் இல்லை. மீன் என்றதும் கையை ஆட்டினார். "வேணாம் தாயி, முள்ளு." ஒரு மீனை நான் விரலால் நசுக்கிக் காட்டினேன். சோற்றில் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். பழக்கத்தில் நாக்கு முள்ளைத் தேடியது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு இரண்டாவது மீனை அவரே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கிண்ணம் கழுவி வந்தது. உள்ளே உரிக்காத மலைப்பூண்டு நாலு.